'இப்போ நல்லாத்தானே இருக்கு... இன்னும் ஊசி எதுக்கு?' - குடல் அழற்சிக்கு பயாலஜிக் மருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு!

வயிற்றுவலி குறைந்துவிட்டது. மலத்தில் ரத்தம் போவது நின்றுவிட்டது. எடைகூட ஏறியிருக்கிறது. உடனே வீட்டில் ஒரு கேள்வி எழும்... "இவ்வளவு செலவு பண்ணி இன்னும் ஊசி போடணுமா?"

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டுமே நீண்டகாலக் குடல் அழற்சி நோய்கள். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாதபோதும், ஆரம்பத்திலேயே தீவிரமாக இருக்கும்போதும் டாக்டர்கள் பயாலஜிக் மருந்துகளைப் பரிந்துரைக்கிறார்கள். இவை நோயை அடக்கி வைப்பவை. அடியோடு நீக்குபவை அல்ல. நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த ஊசியாக இருக்கலாம்.

எந்த மருந்து யாருக்கு?

இன்ஃப்ளிக்ஸிமேப் மருத்துவமனையில் டிரிப்ஸாக ஏற்றப்படும். முதல் டோஸுக்குப் பிறகு 2-வது, 6-வது வாரங்களில், அதன்பின் வழக்கமாக 8 வாரங்களுக்கு ஒருமுறை. ஆசனவாய் அருகே ஃபிஸ்டுலா உள்ள க்ரோன்ஸ் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். அடலிமுமேப்பை, பழகிக்கொண்டால் வீட்டிலேயே 2 வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். வெடோலிசுமேப் முக்கியமாகக் குடலில் மட்டும் வேலை செய்வதால், தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களுக்குப் பரிசீலிக்கப்படுகிறது.

முதல் ஊசிக்கு முன்...

இன்ஃப்ளிக்ஸிமேப், அடலிமுமேப் இரண்டும் உடலில் பதுங்கியிருக்கும் காசநோயைத் தட்டி எழுப்பலாம். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இது முக்கியம். மார்பு எக்ஸ்ரே, மான்டூ அல்லது இக்ரா பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஆகியவற்றைத் தவிர்க்காதீர்கள். போடவேண்டிய தடுப்பூசிகளையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டுப் போட்டால்?

இந்த மருந்துகள் புரதங்கள். நீண்ட இடைவெளி விட்டால், உடல் அவற்றை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்ப்பொருள்களை உருவாக்கலாம். மீண்டும் தொடங்கும்போது ஒவ்வாமை வரலாம். மருந்து வேலை செய்யாமலும் போகலாம். பிறகு வேறு மருந்துக்குத்தான் மாறவேண்டும். அந்த வாய்ப்புகளும் ஒரு சிலதான்.

எனவே முதல் டோஸுக்கு மட்டும் பணம் புரட்டினால் போதாது. ஓர் ஆண்டுக்கு எத்தனை டோஸ், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். விலை குறைந்த பயோசிமிலர் உண்டா என்று கேளுங்கள். அடலிமுமேப்பின் உலகின் முதல் பயோசிமிலர் 2014-ல் வெளியானது இந்தியாவில்தான். காப்பீடு இருந்தால், டிரிப்ஸுக்கும் வீட்டு ஊசிக்கும் பணம் கிடைக்குமா என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் எப்போது பேச வேண்டும்?

காய்ச்சல், விடாத இருமல் இருந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பம் தரித்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; நோய் கிளம்புவதே தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து. பணம் தட்டுப்பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதை மலத்தில் கால்புரொடெக்டின் அளவு, கொலோனோஸ்கோப்பி முடிவுகளைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். அதுவரை அடுத்த ஊசித் தேதி காலண்டரில் இருக்கட்டும்!