அரசிக்கு வந்த தலைவலி

சிலப்பதிகாரத்தில் நீலகிரி வருகிறது. கண்ணகி சிலைக்குக் கல் எடுக்க வடக்கே புறப்பட்ட சேரன் செங்குட்டுவன், வழியில் நீலகிரிச் சாரலில் படையோடு தங்கினான் என்று வஞ்சிக் காண்டத்தின் கால்கோட் காதை சொல்கிறது. அது இன்றைய ஊட்டி, குன்னூர் மலைதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். கோத்தகிரியிலோ கூடலூரிலோ பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காரும். "அந்த ராஜா இங்கே எதுக்கு வந்தார்?" என்று கேட்கும்.

பதில் சொல்ல வேண்டுமென்றால் காப்பியத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். செங்குட்டுவன் வந்தது கண்ணகிக்காக. கண்ணகி மதுரையை எரித்தது கோவலனுக்காக. கோவலன் செத்தது ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யால். அந்தப் பொய் சட்டென்று எடுபட்டதற்குக் காரணம், பாண்டிமாதேவி அந்த நேரத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்ததுதான்.

இந்தக் கடைசி விஷயம் பெரியவர்களுக்கே நினைவில் இருப்பதில்லை. கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் விவரமாகச் சொல்கிறார். அரசன் ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் மயங்கி இருக்கிறான். பக்கத்தில் இருந்த அரசிக்கு மனம் கசக்கிறது. அதை வெளியே காட்டிக்கொள்ள முடியாமல் தலைவலி என்று சொல்லி அந்தப்புரம் போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் விரைகிறான். வாசலிலேயே பொற்கொல்லன் காலில் விழுகிறான்: சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசியின் காணாமல் போன சிலம்பு கையோடு கிடைத்தால் அவள் கோபம் தணியுமே! நின்று விசாரிக்க அரசனுக்குப் பொறுமை இல்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டு வாருங்கள் என்று காவலருக்குச் சொல்லிவிட்டு நடக்கிறான்.

பொறாமையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. அரசி கெட்டவள் அல்ல. கணவன் இறந்த கணமே தானும் உயிர்விட்டவள். அவளுக்கு வந்தது யாருக்கும் வரக்கூடிய ஒரு சிறிய எரிச்சல். அது இன்னொருவரின் அவசரத்தோடும் மூன்றாமவனின் வஞ்சத்தோடும் சேர்ந்தபோது, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவனின் தலை போனது. இளங்கோ இதை ஊழ் என்கிறார். ஆனால் அந்த ஊழ் எந்தெந்தக் கைகளின் வழியாக வந்தது என்பதையும் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் பேச வேண்டியது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

நம் பள்ளிகளில் பொறாமை ஒரு கெட்ட குணமாக மட்டும் வந்து போகிறது. திருக்குறளின் 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. மனப்பாடம் செய்தால் மதிப்பெண். பொறாமைப்படாதே என்று கட்டளையிட்டால் பொறாமை போய்விடுமா? தனக்கு அது இருப்பதைச் சொல்லக்கூடாது என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். சிலம்பையும் பாடநூல்கள் துண்டு துண்டாகத்தான் தருகின்றன. 2019இல் வந்த புத்தகங்களில் பத்தாம் வகுப்புக்கு மருவூர்ப்பாக்கத்துக் கடைத்தெரு கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதவியின் அரங்கேற்றம். இரண்டும் அழகான பகுதிகள். கோவலனும் மாதவியும் ஏன் பிரிந்தார்கள் என்பது இரண்டிலும் கிடையாது.

அந்தப் பிரிவு கானல்வரியில் நடக்கிறது. இந்திர விழா முடிந்து இருவரும் கடற்கரையில் இருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொரு பெண் இருக்கிறாளோ என்று மாதவிக்குத் தோன்றுகிறது. கேட்கவில்லை, தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பதிலுக்குப் பாடுகிறாள். அதைக் கேட்ட அவனுக்குச் சந்தேகம் வருகிறது. அவனும் கேட்கவில்லை, எழுந்து போய்விடுகிறான். இருவரில் ஒருவர் வாய் திறந்து "யாரைப் பற்றிப் பாடினாய்?" என்று கேட்டிருந்தால் காப்பியமே இல்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு ஸ்டேட்டஸைப் பார்த்து அது தன்னைக் குத்தத்தான் போட்டது என்று முடிவு கட்டி, பதிலுக்கு இன்னொரு ஸ்டேட்டஸ் போடும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தனியாக உரை தேவையில்லை.

மாதவியின் இரண்டு கடிதங்களையும் விடக்கூடாது. முதல் கடிதத்தைத் தோழி வசந்தமாலை கொண்டுபோகிறாள். ஆடல் மகளுக்கு நடிப்பு இயல்புதானே என்று கோவலன் வாங்க மறுக்கிறான். இரண்டாவது கடிதம் மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கையால் வருகிறது. அதைப் படித்த பிறகுதான் அவள் மேல் குற்றமில்லை, தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அதற்குள் ஊரை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. வாங்க மறுத்த கடிதத்துக்கும் வாங்கிய கடிதத்துக்கும் இடையில் அவனுக்குள் என்ன மாறியது? மாணவர்கள் இதை எழுதிப் பார்க்கட்டும். ஒரே விடைதான் சரி என்று சொல்ல முடியாத கேள்வி இது.

கண்ணகியின் மௌனம் இன்னும் கடினமானது. கணவன் இன்னொருத்தி வீட்டில் வாழ்ந்த காலமெல்லாம் அவள் மாதவியைப் பழித்து ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குப் பொறாமை இல்லை என்று கொள்வதா, இருந்ததைச் சொல்ல இடமில்லை என்று கொள்வதா? கற்பு என்ற ஒரு சொல்லால் இந்தக் கேள்வியை மூடிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பெண் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அதைத் திறந்து வைப்பதுதான் நியாயம்.

ஊட்டியின் ஆங்கிலப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. ஆங்கில இலக்கிய வகுப்பில் பொறாமை என்றதும் முதலில் வருவது ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ. தமிழுக்கும் அது புதிதல்ல. அ. மாதவையா அதைத் தழுவி 'உதயலன்' எழுதினார். 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசன் ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் நடித்த காட்சியைத் தாத்தா பாட்டிகள் இன்னும் மறக்கவில்லை. ஒரு கைக்குட்டையைக் காட்டி, மனைவி டெஸ்டிமோனா துரோகம் செய்தாள் என்று ஒத்தெல்லோவை நம்ப வைக்கிறான் இயாகோ. இங்கே சிலம்பு, அங்கே கைக்குட்டை. பொருள் கண் முன்னால் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கோவலன் கையில் இருந்த சிலம்பை உடைத்துப் பார்க்கப் பாண்டியனுக்குத் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள், இவளுடையதில் இருந்தவை மாணிக்கங்கள் என்று தெரிகிறது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரசனும் ஒத்தெல்லோவும் உண்மையில் கண்ணால் கண்டது எது, தாங்களாகச் சேர்த்துக்கொண்டது எது என்று இரண்டு பட்டியல் போடச் சொல்லலாம். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து எடுக்க வேண்டிய வகுப்பு இது.

ஒத்தெல்லோவைக் கற்பிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் காதலித்தவன் என்று அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு பாடத்தை முடித்துவிடும் ஆபத்து. காதலை மறுத்த பெண்ணுக்குக் கத்திக்குத்து, சந்தேகத்தில் மனைவி கொலை என்று நாளிதழில் படித்து வளரும் பிள்ளைகள் இவர்கள். சந்தேகம் அன்பின் ஆழத்தைக் காட்டுகிறது என்று நம் சினிமாப் பாடல்கள் போதுமான அளவு சொல்லிவிட்டன. டெஸ்டிமோனா கொல்லப்படுகிறாள், கொன்றவன் அவள் கணவன். ஆசிரியர் அதைத் தெளிவாக வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கவித்துவத்துக்குப் போக வேண்டும்.

இந்த மலையிலேயே பிறந்த நாவல் ஒன்றும் இருக்கிறது: ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. புத்தகமாக வந்தது 1963இல். மின்துறைப் பொறியாளரான கணவரோடு அவர் நீலகிரியில் வசித்த காலம் கொடுத்த நாவல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காக வைத்துப் படகர் ஊரான ஹட்டி ஒன்றின் தலைமுறைகளைச் சொல்கிறது. சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் தேயிலையும் பணமும் வருகின்றன. மின் திட்டம் வருகிறது. இந்த மாற்றங்களுக்கு நடுவே ரங்கனுக்குக் கிருஷ்ணன் மேல் எழும் பொறாமை இரண்டு குடும்பங்களின் பகையாகி அடுத்த தலைமுறை வரை நீள்கிறது. இங்கே பொறாமைக்குப் பொருளாதாரம் இருக்கிறது. ஒருவன் படிக்கிறான், ஒருவனுக்கு வாய்க்கவில்லை. ஒருவன் நிலம் ஏறுகிறது, ஒருவன் நிலம் போகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போவதை எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் பையனுக்கு இயாகோவைவிட ரங்கன் நெருக்கமானவன். ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருக்கும்போதே தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதனால் நூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. நீலகிரியின் ஒவ்வொரு மேல்நிலைப்பள்ளி நூலகத்திலும் பத்துப் பிரதிகளாவது இருக்க வேண்டும்.

துரோகத்தைப் பற்றி இந்த மாவட்டத்தின் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்லாததும் தெரியும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து வகுப்புகளில் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தீவின் தேயிலையை வளர்த்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கப்படும் என்று விடப்பட்டது. வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. உழைத்த மண் கைவிட்டது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, நம்பிக்கை இருந்த இடத்தில்தான் துரோகம் நடக்க முடியும் என்பது உடனே புரியும். வால்பாறைத் தோட்டங்களில் மேஸ்திரியின் வாக்கை நம்பிப் போனவர்களைப் பற்றி மருத்துவர் பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ', தமிழில் 'எரியும் பனிக்காடு', இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது.

வகுப்பறை நடைமுறை பற்றி ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். "உனக்குப் பொறாமை வந்த அனுபவத்தை எழுது" என்று கேட்கவே கூடாது. லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறார்கள். ஹட்டியில் எல்லோரும் உறவு. காலையில் வகுப்பில் சொன்னது மாலை கொழுந்து எடை போடும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். பிள்ளையின் சொந்தக் காயத்தைக் கேட்காமலே அதைத் தொட்டுப் பேசத்தான் கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். கோவலனைத் திட்டட்டும், மாதவிக்காக அழட்டும், ரங்கன் பக்கம் நின்று வாதாடட்டும். யாருக்காகப் பேசினோம் என்பது அவரவருக்குத் தெரிந்தால் போதும்.

ரே பிராட்பரி 1954இல் எழுதிய 'ஆல் சம்மர் இன் எ டே' என்ற சிறுகதையைத் தேவாலாவில் ஆடி மழை நாளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. இடைவிடாமல் மழை பெய்யும் வெள்ளிக் கிரகம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் மட்டும் சூரியன் வரும். பூமியில் வெயிலைப் பார்த்து வளர்ந்த மார்கோ என்ற சிறுமி மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறாமை. சூரியன் வரும் நேரம் பார்த்து அவளை அலமாரி அறைக்குள் பூட்டிவிடுகிறார்கள். வெயிலில் ஓடி ஆடி, மழை திரும்பிய பிறகுதான் அவள் நினைவு வருகிறது. அங்கே வில்லன் ஒருவன் மட்டும் இல்லை. தடுக்காமல் நின்ற வகுப்பு முழுவதும் இருக்கிறது.

சிலம்பிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கு இவன் கொலைக்குரியவன் இல்லை என்று தோன்றுகிறது, சொல்லவும் செய்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசிக் குழப்புகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவன் வாளை வீசிவிடுகிறான். வகுப்பில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசனும் அல்ல, பொற்கொல்லனும் அல்ல, கோவலனும் அல்ல. சந்தேகம் வந்தும் பக்கத்தில் நிற்கும் அந்தக் காவலர்கள்தான். வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம்: பொற்கொல்லன் பேசத் தொடங்கிய அந்த இடத்தில், அவர்கள் அடுத்து என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.