ஆராதனை ஓய்ந்த ஆலயம்: லாம்பெத் தூய மரியாள் கோயில்

லாம்பெத் என்னும் பெயர் தென்னிந்தியத் திருச்சபையாருக்குப் புதியதன்று. 1888ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு ஏற்றுக்கொண்ட நான்கு அம்சங்கள், 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கிய முயற்சிக்கு அடிப்படையாயின என்பதை நாம் அறிவோம். அம்மாநாட்டிற்குப் பெயர் தந்த கன்டர்பரிப் பேராயரின் அரண்மனை, இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது. அதன் வாயிலை ஒட்டி, தூய மரியாளின் பெயரால் பழைய குருசேகர ஆலயம் ஒன்று நிற்கிறது. இன்று அது தோட்டக்கலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. இம்மாற்றத்தின் வரலாறும் அதன் பொருளும் ஆராயத்தக்கவை.

11ஆம் நூற்றாண்டில், எட்வர்ட் அரசரின் சகோதரி கோடா என்பார் இங்கு ஆலயம் எழுப்பினார். இப்போதுள்ள கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; ஏனைய பகுதியின் பெரும்பாலானவை 1851–52இல் பிலிப் சார்லஸ் ஹார்ட்விக் என்னும் சிற்பியால் புதுப்பித்துக் கட்டப்பட்டவை. பேராயர் பலர் இங்கு அடக்கம் பண்ணப்பட்டனர். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்புப் பணியை முன்னின்று நடத்தி, அது நிறைவேறுமுன் 1610இல் மரித்த ரிச்சர்ட் பான்கிராஃப்ட் அவர்களுள் ஒருவர்.

இத்தனை சிறப்பிருந்தும் 1972இல் ஆலயத்தின் பிரதிஷ்டை நீக்கப்பட்டது. அது இடிக்கப்படவும் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட ஆலயங்களுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வேறு தகுந்த பயன், பாதுகாப்பு, இடிப்பு ஆகிய வழிகளை வகுத்திருந்தது. பேராயரின் அரண்மனைச் சுவருக்கு அருகில் இருப்பது ஓர் ஆலயத்தை உயிரோடு வைத்திருக்கப் போதுமானதன்று என்பது இங்கே விளங்குகிறது. சபை குன்றினால், கல்லும் கோபுரமும் சபையை உண்டாக்கமாட்டா.

ஆலயத்தைக் காத்தது பேராயரின் கல்லறையன்று, தோட்டக்காரரின் கல்லறையே. முதலாம் சார்லஸ் மன்னருக்குத் தோட்டப் பணி செய்த ஜான் டிரடெஸ்கன்டும் அவ்வாறே பணியாற்றிய அவர் மகனும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியுள்ளனர். அயல்நாட்டுச் செடிகளையும் அரும்பொருள்களையும் அவர்கள் சேகரித்தனர். அச்சேகரமே 1683இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்ட அஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் வித்தாயிற்று. 1976இல் அக்கல்லறையைக் காணவந்த ரோஸ்மேரி நிக்கல்சன் அம்மையார், மூடிக்கிடந்த ஆலயத்தைக் கண்டு, தம் கணவருடன் முயன்று, 1977இல் அருங்காட்சியகத்தை நிறுவினார். கட்டடப் புதுப்பிப்பின்போது 2016இல் தரைக்கடியில் ஒரு நிலவறையும், அதில் ஏறத்தாழ முப்பது ஈயப் பெட்டிகளும் காணப்பட்டன. பான்கிராஃப்டின் பெட்டியும் அவற்றுள் ஒன்று. 2017இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது.

இதனை இழப்பென்று மட்டும் கொள்ளலாமா? புதிய ஏற்பாட்டில் சபை என்னும் சொல் கட்டடத்தைக் குறிப்பதில்லை. பேதுரு விசுவாசிகளையே ஜீவனுள்ள கற்களாகக் காண்கிறார். ஆகவே கட்டடம் கைமாறுவதால் திருச்சபை அழிந்துவிடுவதில்லை. எனினும், ஒரு தலைமுறை ஞானஸ்நானம் பெற்று, மணம் செய்து, தன் மரித்தோரை ஒப்படைத்த இடம் வெறும் கல் அன்று. புதுப் பயன் அந்நினைவை மதிக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மதிப்பது என்பது புகழ்வது மட்டுமன்று. இதே கல்லறைத் தோட்டத்தில் 1817இல் மரித்த கப்பல் தலைவர் வில்லியம் பிளை உறங்குகிறார். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவான உணவாகும்படி ஈரப்பலாக் கன்றுகளைப் பசிபிக் தீவிலிருந்து கொண்டு சென்றவர் அவர். தோட்டத்தின் வரலாறும் பாவத்தின் நிழல் படாததன்று. அதையும் மறையாது சொல்லும் இடமே, முன்பு பாவ அறிக்கை ஒலித்த சுவர்களுக்குத் தகுந்ததாகும்.

நம் நாட்டிலும் மக்கள் பெயர்ந்து, சபை குறைந்த பழைய ஆலயங்கள் உண்டு. அவற்றின் பூட்டுக்குத் திறவுகோல் தேடுமுன், அங்கு யார் உறங்குகிறார்கள், சுற்றிலும் யார் வாழ்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை.