சமமான தொடக்கக் கோடு

நானூறு மீட்டர் ஓட்டப் பந்தயம் தொடங்குமுன் ஓடுவோர் முன்னும் பின்னுமாக நிற்பதைப் பார்த்திருக்கின்றோம். இரண்டாம் தடத்தில் நிற்பவர் முதல் தடத்தவரைவிட ஏறத்தாழ 7 மீட்டர் முன்னே நிற்கிறார். இது சலுகையன்று. வளைவுகளில் வெளித்தடம் நீளமாகையால், யாவரும் ஒரே தொலைவை ஓட வேண்டுமாயின் தொடக்கக் கோட்டை முன்னே நகர்த்தியே தீர வேண்டும்.

கேரளத்தின் தேஞ்ஞிப்பாலத்தில் அமைந்த கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் செயற்கை ஓடுதளம் கொண்ட விளையாட்டுத் திடல் ஒன்றுண்டு. அது சி. எச். முகமது கோயாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஓட்ட வீரரல்லர். 1927-இல் பிறந்து, இதழாசிரியராய்ப் பணியாற்றி, 1967-இல் கேரளக் கல்வி அமைச்சரானவர். 1979-இல் சில வாரங்கள் முதலமைச்சராகவும் இருந்து, 1983-இல் மறைந்தார்.

எனினும் அப்பெயர் அத்திடலுக்குப் பொருத்தமானதே. 1956 வரை நம் சென்னை மாநிலத்தின் மாவட்டமாயிருந்த மலபார், கல்வியில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்குப் பின்தங்கியிருந்தது. அங்குள்ள கல்லூரிகளுக்கும் திருவனந்தபுரமே பல்கலைக்கழகத் தலைமையிடமாயிருந்தது. கோயா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1968-இல், கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியது. பின்தங்கிய மண்ணுக்காகத் தொடக்கக் கோடு முன்னே நகர்ந்தது.

விளைவு என்ன? அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த கன்னியர் கல்லூரிகளுள் பாலக்காடு மெர்சி கல்லூரியில் பயின்ற எம். டி. வல்சம்மா, 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். திருச்சூர் விமலா கல்லூரியில் பயின்ற அஞ்சு பாபி ஜார்ஜ், 2003-இல் பாரிசு உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார்.

இனி நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019-இல் இது தனி மாவட்டமாயிற்று. நம் கண்ணெதிரே கல்வராயன் மலை. அங்கே பழங்குடி மக்களின் பிள்ளைகள். அவர்களுள் ஒருவருக்குக் கல்லூரியில் இடமோ, உதவித்தொகையோ கிடைத்தால், “அவர்களுக்கு மட்டும் சலுகையா?” என்ற முணுமுணுப்பு நம் இல்லங்களிலும் எழுகின்றது. தமிழகத்தில் பழங்குடியினருக்குரிய ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்றே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெற்றோரே, அடுத்த முறை நம் பிள்ளை அவ்வாறு கேட்கையில் அவனை ஒரு திடலுக்கு அழைத்துச் செல்வோம். வளைந்து செல்லும் தடங்களையும், முன்னும் பின்னுமாய் இடப்பட்ட கோடுகளையும் காட்டுவோம். மலையிலிருந்து வருபவன் ஓடுவது வெளித்தடம் என்பதை அவன் தானே உணர்ந்துகொள்வான்.