நறும்புல்லும் வேர் உட்பூசணமும்

தமிழகத்தின் வட எல்லையெனப் பழம்புலவர் வகுத்த வேங்கட மலையின் அடிவாரத்தில் திருப்பதி இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே சித்தூர். இவ்வட்டாரத்து மானாவாரிச் செம்மண் நிலங்களில் உழவர் பெரிதும் நம்பியிருப்பது நிலக்கடலையை. மழை பொய்த்தால் அந்த நம்பிக்கையும் பொய்த்துவிடுகிறது. இத்தகைய நிலத்திலும் தாக்குப்பிடிக்கக்கூடிய பயிர்களுள் எலுமிச்சம்புல், பாமரோசாப்புல் என்னும் நறும்புற்களைக் குறிப்பிடலாம்.

இவற்றை நீராவியில் வடித்தால் வாசனை எண்ணெய் கிடைக்கிறது. எலுமிச்சம்புல்லுக்கு மணம் தருவது சிட்ரால். பாமரோசாவுக்கு ரோஜாவை ஒத்த மணம் தருவது ஜெரானியால். சோப்பும் வாசனைத் திரவியங்களும் செய்வோர் இவ்வெண்ணெய்களை வாங்குகின்றனர். ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் வரை அறுக்கலாம்.

ஆயினும், செம்மண்ணில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாம் இடும் மணிச்சத்தின் பெரும்பகுதியை அம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிணைத்து வைத்துக்கொள்கின்றன. சத்து மண்ணில் இருந்தும், அது வேருக்கு எட்டுவதில்லை. இங்கேதான் வேர் உட்பூசணம் துணைக்கு வருகிறது. இந்த நுண்ணிய பூசணம் வேரினுள் குடிபுகுந்து, மயிரிழையினும் மெல்லிய தன் இழைகளை வேர் எட்டாத தொலைவுக்கு நீட்டி, மணிச்சத்தைக் கொணர்ந்து தருகிறது. கைம்மாறாகப் பயிர் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அளிக்கிறது. 1885இல் ஜெர்மானிய அறிஞர் பிராங்க், வேரும் பூசணமும் கொண்ட இத்தகைய கூட்டுறவுக்குப் பெயரிட்டார். 1959இல் தோன்றிய, இலக்னோவிலுள்ள நடுவண் மருந்து, நறுமணத் தாவர ஆய்வு நிலையத்தார், பூசணம் இட்ட பாமரோசா நன்கு செழித்து வளர்ந்ததை 1991இல் வெளியிட்டனர்.

உயிருள்ள வேரின்றி இப்பூசணம் பெருகாது. எனவே, மக்காச்சோளம் முதலிய பயிர்களின் வேரில் வளர்த்து, அந்த வேர்த்துண்டுகளோடு கூடிய மண்ணையே வித்தாகக் கொள்வர். நடும் குழியில் இதனைச் சிறிது இட்டு, வேர் அதன்மீது படும்படி நடவேண்டும். அளவு மீறி மணிச்சத்து உரம் இட்டால் பூசணம் குன்றும். மண்ணில் இயல்பாகவே பூசணம் மிகுந்திருந்தால் கூடுதல் பயன் சிறிதே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நூறு கிலோப் புல்லில் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் அரைக் கிலோவை எட்டாது. வடிகலனும் எரிபொருளும் தனியொருவரால் தாங்கக்கூடிய செலவல்ல. ஆகவே, அண்டை நிலத்தார் கூடி ஒரு வடிகலனை அமைத்துக்கொண்டு, வாங்குவோரையும் முன்னரே தேடிக்கொண்ட பின்பே நடவில் இறங்குதல் நலம். பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நம்மில் பலருக்கு ஊரில் ஓரிரு ஏக்கர் புன்செய் தரிசாய்க் கிடக்கிறது. அதனை விற்றுவிடத் துணியுமுன், மண்ணை ஒருமுறை சோதித்துப் பார்ப்போமாக.