அமுக்கிரா: தோற்றத்தில் ஒன்று, சத்தில் வேறு

கத்தரி, மிளகாய் என்பவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அமுக்கிரா, ஏறத்தாழ இடுப்பளவு உயரம் வளரும் செடியாகும். கடதாசி போன்ற உறையினுள் அதன் செந்நிறப் பழம் இருக்கும். ஆயினும் சித்த, ஆயுர்வேத வைத்தியர் பெரிதும் வேண்டுவது வேரையே. குதிரையின் வாடை வீசுவதால் வடமொழியில் அதற்கு அசுவகந்தம் என்று பெயர்.

இதன் மருத்துவக் குணத்துக்குக் காரணமெனக் கருதப்படுபவை விதனொலைட்டுகள் எனும் சேர்வைகளும் சில அற்கலோயிட்டுகளுமாம். இவற்றுள் ஒன்றாகிய விதபெரின்-ஏ இலையில் மிகுதியாக உண்டு. இசுரவேல் நாட்டிற் பல பகுதிகளில் வளர்ந்த செடிகளை 1960களில் லாவீ முதலிய அறிஞர் ஆராய்ந்தபோது, பார்வைக்கு ஒன்றுபோலிருந்தவை சத்தில் மூவகையாகப் பிரிந்தன. ஒன்றில் விதபெரின்-ஏ முதன்மை பெற்றது, மற்றொன்றில் விதனொலைட்டு-டி, மூன்றாவதில் வேறு சில. இவ்வகைகளைக் கலப்புச் செய்து பார்த்தபோது, இவ்வேறுபாடு பரம்பரை வழி வருவதென்பது புலனாயிற்று. எனவே மண்ணும் நீரும் சத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடுமேயன்றி, வகையை மாற்றமாட்டா.

இந்தியாவில் மத்தியப்பிரதேசத்து மந்தசோர்ப் பகுதியிற் செய்கைபண்ணப்படும் செடியின் வேர் சதைப்பற்றும் மாப்பொருளும் உடையது. காட்டுச் செடியின் வேரோ நார்த்தன்மை மிக்கது. வேலியோரச் செடியின் விதையை எடுத்து விதைக்கும் கமக்காரர், ஆறு மாதம் உழைத்தபின் வாங்குவாரில்லாத வேரையே கிண்டியெடுக்க நேரும். விதையின் பிறப்பிடத்தை முதலில் விசாரித்தறிக.

வடிகாலுள்ள இலேசான மண் இதற்கு ஏற்றது. நீர் தேங்கும் வயல் ஆகாது. மாரிமழை ஓயுந் தறுவாயில் விதைத்தால் முதிர்ச்சி வறட்சியில் அமையும். கத்தரி, தக்காளி நின்ற தறையில் உடனே இடுதல் தவறு. வேர்முடிச்சு வட்டப்புழு இதனையும் தாக்கும்.

இலைகள் காய்ந்து பழங்கள் சிவந்ததும், ஏறக்குறைய 150 முதல் 180 நாட்களில், செடியை வேருடன் கிண்டுக. வேரை 7 முதல் 10 சதம மீற்றர் துண்டுகளாக வெட்டி நன்கு உலர்த்துக. நிறையைக் கூட்டும் எண்ணத்துடன் இலையையோ தண்டையோ கலப்பது விலையைக் கெடுப்பதோடு, மருந்துண்பாருக்குந் தீங்காகலாம். இலையில் மிகுந்துள்ள விதபெரின்-ஏ உயிர்க்கலங்களுக்கு நஞ்சாகவல்லது. பூஞ்சணம் பிடித்த துண்டுகளைப் புறம்பாக்கி, ஈரமற்ற சாக்குகளிற் சேமித்து வைக்க.