ஆட்டோவின் முன் சக்கரம் ஏன் ‘டக் டக்’ என்கிறது?

குலசேகரம், அருமனை, பத்துகாணி பக்கம் ஓடும் ஆட்டோக்களுக்கு ஆயுசு குறைவு என்பார்கள். உண்மையில் என்ஜின் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. முதலில் கைவிடுவது முன்பக்கம்தான். ரப்பர் விளைக்குள் போகும் மண் தடம், சானல் கரை ரோடு, ஜல்லி பெயர்ந்த ஏற்றம் என எல்லா இடத்திலும் பாலும் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. ஆனால் அதைச் செய்தது தார் ரோட்டுக்காக.

விளைக்குள் ஜீப்பும் லோடு வண்டியும் போய்ப் போய் இரண்டு பள்ளமான தடம் விழுந்திருக்கும். நடுவில் கல்லும் வேரும் துருத்திய மேடு. நாலு சக்கர வண்டிக்கு அந்த மேட்டால் தொல்லை இல்லை, அது வயிற்றுக்கு அடியில் போய்விடும். ஆட்டோவுக்கோ ஒற்றை முன் சக்கரம் சரியாக அந்த மேட்டின் மேலேதான் ஏறி இறங்கும். பின் சக்கரங்களில் ஒன்று பள்ளத்தில் சறுக்கும்போது ஹேண்டில் பக்கவாட்டிலும் இழுக்கும். இந்த அடி முழுவதையும் வாங்குவது முன் ஃபோர்க்கும், அதன் கீழுள்ள கையும், ஷாக் அப்சார்பரும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மோட்டார் சைக்கிளில் சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஏறும். நம் ஆட்டோவில் அப்படி இல்லை. ஹேண்டிலிலிருந்து இறங்கும் ஒரு தடித்த குழாய், அதன் அடியில் ஒரு பின்னில் ஆடும் குட்டைக் கை, அந்தக் கையில் சக்கரம், மேலே ஸ்பிரிங்கும் ஷாக்கும். இதன் வேர் ஸ்கூட்டரில் இருக்கிறது. வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். அவருடைய ஸ்கூட்டரில் முன் சக்கரத்தை ஒரு பக்கக் கைதான் தாங்கியது. அந்த ஸ்கூட்டரின் தம்பியாக 1948-ல் பியாஜியோவின் மூன்று சக்கர ‘ஆப்பே’ வந்தது. பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் இங்கே 1960-களில் ஆட்டோ செய்யத் தொடங்கியது.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, குதித்துக்கொண்டே இருக்கும். ஷாக்கினுள் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி அந்தக் குதிப்பை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. எண்ணெய் கசிந்துபோனால் வண்டி நிற்காது, ஓடும். அதுதான் ஆபத்து. இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு ஹேண்டில் சொன்னது கேட்காது.

கைவைத்துப் பார்த்தால் தெரியும்

சமதரையில் நிறுத்தி, முன்பக்கத்தை உடம்பு எடையால் அமுக்கி விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தரம் ஆடினால் போச்சு. ராடில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய செம்மண்ணும் இருந்தால் சீல் போயிருக்கிறது.

அடுத்து, சேசிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டை ஒன்றையும் முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்றால், கையின் பின், புஷ் அல்லது மேலே உள்ள கோன் பேரிங் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆட்டும்போது ஆடினால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். ஹேண்டிலை மெதுவாகத் திருப்புகையில் நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் இருந்தால் கோன் செட்டின் பாதையில் குழி விழுந்துவிட்டது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பிரித்துச் செய்யும்போது

வேலையில் முக்கால்வாசி சுத்தம்தான். செம்மண்ணும் கிரீஸும் கலந்தால் அரைக்கிற மாவு மாதிரி. பின்னையும் பேரிங்கையும் அதுவே தின்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பழைய கிரீஸ் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எடுத்த பிறகே புதியதை அடைக்க வேண்டும். பின்னில் நகம் இடறும் அளவு பள்ளம் இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஷாக்கின் ராடில் துருக்குழி இருந்தால் புது சீல் போடுவது காசைக் கொட்டுவது. சில நாளில் அந்தக் குழி சீலைக் கிழித்துவிடும். குளச்சல், முட்டம் கடற்கரையில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் இந்தக் குழி சீக்கிரமே விழுகிறது. எண்ணெயைப் பொறுத்தவரை, மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றுவது நம்மூர்ப் பழக்கம். எண்ணெய் கெட்டியானால் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும், மெலிந்தால் குதிப்பு அடங்காது. கையேட்டில் சொன்ன வகை, சொன்ன அளவு, அவ்வளவுதான். கூடுதலாக ஊற்றினால் உள்ளே இடமில்லாமல் அழுத்தம் ஏறி சீலையே பிதுக்கும். ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கும்போது மேல் நட்டைக் கழற்றக் கூடாது, முகத்தில் பாயும். அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

கோன் பேரிங்கை ஆட்டம் போகும்வரை இறுக்கி, ஒரு துளி தளர்த்த வேண்டும். தூக்கிய நிலையில் ஹேண்டிலை லேசாகத் தட்டினால் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும்.

மோதி வளைந்த ஃபோர்க்கை நெருப்பில் காட்டி நிமிர்த்துவதும், வெடிப்புக்கு வெல்டிங் வைப்பதும் வேண்டாத வேலை. சூடாக்கிய இடத்தில் இரும்பின் பலம் குறையும். பின்னால் ஒரு சக்கரம் போனால் வண்டி சாயும், முன்னால் இருப்பதோ ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் 1970-ல் ஹோண்டா விற்கத் தொடங்கிய மூன்று சக்கரக் காட்டு வண்டியில் சஸ்பென்ஷனே கிடையாது, உப்பிய டயர்தான் எல்லாம். பிறகு பந்தய மாடல்களுக்கு நல்ல ஃபோர்க் வந்தும் விபத்துகள் குறையவில்லை. 1988-ல் அரசுடன் செய்த உடன்பாட்டின்படி நிறுவனங்கள் அங்கே மூன்று சக்கர வகையை விற்பதையே நிறுத்தின. மூன்று சக்கரத்தின் சமநிலை அப்படி. ஃபோர்க் நன்றாக இருந்தாலே வளைவில் நிதானம் வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்கு முடிந்ததும் ஒருதரம், வடகிழக்கு முடிந்ததும் ஒருதரம் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. சர்வீஸ் ஸ்டேஷனில் பீச்சும் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும், அதனால் கழுவிய கையோடு கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். எஃப்.சி.க்கு முந்தைய வாரம் மட்டும் பட்டறைக்குப் போகிற வழக்கம் நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு பக்கமும் உண்டு. புது ஷாக் வாங்க யோசிப்பவர்கள் புஷ், சீல், கிரீஸையாவது தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். சின்ன சாமானைத் தள்ளிப்போட்டுத்தான் ஃபோர்க்கே மாற்றும் செலவு வருகிறது, அந்த நாளின் ஓட்டமும் சேர்ந்து போகிறது.