உங்களுக்குத் தெரியுமா? நாளைய பேஸ்பால் நட்சத்திரங்களுக்கு இன்றே மதிப்பெண்!

அமெரிக்க பேஸ்பால் அணிகள் இளம் வீரர்களை மைனர் லீக்கில் படிப்படியாக வளர்த்தெடுக்கின்றன. அவர்களில் மேஜர் லீக்கில் சாதிக்கப்போவது யார் என்று அணிவாரியாகத் தரவரிசை போடுவார்கள். 'பேஸ்பால் அமெரிக்கா' இதழ் 1990 முதல் எல்லா அணிகளுக்கும் பொதுவான 100 பேர் பட்டியலையும் வெளியிடுகிறது.

இந்த இளம் வீரர்களுக்குத் தரும் மதிப்பெண் 20இல் தொடங்கி 80இல் முடியும். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பந்தை அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என ஐந்தையும் தனித்தனியே எடைபோடுவார்கள். ஓட்டத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும்: வலக்கை ஆட்டக்காரர் பந்தை அடித்த கணத்திலிருந்து முதல் பேஸைத் தொடச் சுமார் 4.3 விநாடி எடுத்தால் 50; 4 விநாடியில் தொட்டுவிட்டால் 80. அடிக்கும் திறனைக் கணிப்பதுதான் மிகக் கடினம். வேகப்பந்தை விளாசித் தள்ளும் 19 வயதுப் பையன், வளைந்து இறங்கும் பந்தில் தடுமாறிப்போகலாம். வயதும் கணக்கில் வரும்: மைனர் லீக்கின் 'டபுள்-ஏ' படியில் 20 வயதில் சாதிப்பவருக்கு, அதையே 25 வயதில் செய்பவரைவிட மதிப்பு அதிகம்.

கணிப்புகள் பொய்ப்பதும் உண்டு. மைக் பியாசா என்ற வீரர், அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் 1988 டிராஃப்டில் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாகத் தேர்வானவர். 2016இல் அவர் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.